நாயின் மூக்கை அறிந்துகொள்வது எப்படி? புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி: "மூக்கு காய்ந்து சூடாக இருக்கிறதே, காய்ச்சலா?" சில நாள் கழித்து அடுத்தது வரும்: "வெளியே கூட்டிப் போனால் நாலடி நடப்பதற்குள் நாற்பது இடத்தில் மோந்து பார்க்கிறது, இதை எப்படி நிறுத்துவது?" மூக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் முதல் கேள்வியில் பயம் போய்விடும். இரண்டாவது கேள்வியைக் கேட்கவே தோன்றாது. நிறுத்த வேண்டிய பழக்கம் இல்லை அது. நாய் உலகத்தைப் பார்ப்பதே மூக்கால்தான்.

கீழே சொல்லியிருப்பவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஒரு படிக்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உட்கார்ந்து பாருங்கள்

நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். மூக்கைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும். முடி இல்லாத அந்த நுனித் தோல் வழவழப்பாக இருக்காது. சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக, வெடித்த களிமண் தரையைச் சுருக்கி ஒட்டியதுபோல இருக்கும். இந்த வரிகள் ஒவ்வொரு நாய்க்கும் வேறு வேறு, நமக்குக் கைரேகை இருப்பதைப் போல. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கனடாவின் கென்னல் கிளப் 1938 முதலே மூக்கு ரேகையை அடையாளமாக ஏற்று வருகிறது. உங்கள் நாயின் மூக்கை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறமோ தோலோ மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்து துவாரங்களைக் கவனியுங்கள். நம்முடையது போல வெறும் வட்டமாக இருக்காது. முன்னால் ஓர் ஓட்டை, அதிலிருந்து பக்கவாட்டில் வளைந்து போகும் ஒரு கீறல். பார்க்கக் காற்புள்ளி போலவே இருக்கும். அந்தக் கீறல் எதற்கு என்பது மூன்றாவது படியில் வரும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் துவாரமே ஒடுங்கி இருக்கலாம். தூங்கும்போது பலத்த குறட்டை, கொஞ்சம் ஓடினாலே இழுப்பு என்று இருந்தால் முதல் முறை கால்நடை மருத்துவரிடம் போகும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: வெவ்வேறு நேரத்தில் தொட்டுப் பாருங்கள்

மூக்கு எப்போது ஈரம், எப்போது காய்ச்சல் இல்லாமலே சூடு என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் தொட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. காலையில் எழுந்தவுடன், நடந்துவிட்டு வந்த பிறகு, மதியத் தூக்கத்தில், சாப்பிட்ட பிறகு என்று நான்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையால் மெல்லத் தொட வேண்டும். புறங்கைக்குச் சூடு குளிர்ச்சி நன்றாகத் தெரியும்.

எங்கள் மணியிடம் நான் இதைச் செய்து பார்த்தபோது, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கு வெதுவெதுப்பாக, உலர்ந்த தோல்போல இருந்தது. வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தது. முதலில் நாக்கு வெளியே வந்து மூக்கை ஒருமுறை மேலாகவும் ஒருமுறை பக்கவாட்டிலும் துழாவியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டேன். சில்லென்று இருந்தது. அதே நாய், அதே மதியம்.

இது ஒரு நாயின் விசேஷம் இல்லை. எல்லா நாய்க்கும் தூங்கும்போது மூக்கு நுனி சூடாகத்தான் இருக்கும், விழித்துச் சுறுசுறுப்பானதும் குளிர்ந்துவிடும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது விழித்திருக்கும் நாயின் மூக்கு நுனி அதைவிடச் சுமார் 5 டிகிரி குறைவு. சுற்றுப்புறம் 15 டிகிரிக்கு வந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். உறைநிலைக் குளிரில், அதாவது 0 டிகிரியில்கூட மூக்கு நுனி சுமார் 8 டிகிரிதான். உடம்புக்குள் 38 டிகிரிக்கு மேல் ஓடும் ஒரு பிராணி, மூக்கு நுனியை மட்டும் இவ்வளவு குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல என்று சொல்வோம், ஆனால் நாய்க்கு மூக்கில் வேர்ப்பது கிடையாது. அந்த நுனித் தோலில் வியர்வைச் சுரப்பியே இல்லை. மூக்குக்கு உள்ளே இருக்கும் சுரப்பிகள் நீர்போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. கண்ணீரும் ஒரு சிறு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. மீதியை நாக்கு பார்த்துக்கொள்கிறது. ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, தோல் குளிர்கிறது. ஈரத்துணியைப் போர்த்தினால் உடம்பு குளிர்வதும் இதே கணக்குதான்.

சரி, குளிர்ந்த மூக்கால் நாய்க்கு என்ன லாபம்? உடம்பு முழுவதையும் குளிர வைக்க அந்தச் சின்ன இடம் போதாது. அதற்கு நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. லுண்ட் ஆய்வாளர்களும் ஹங்கேரியின் எயோட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் ஆச்சரியமான பதில் தந்தது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு பொருள்கள். ஒன்று அறையின் சூட்டில், மற்றது அதைவிடக் கூடுதல் சூட்டில், கிட்டத்தட்ட ஒரு சிறு பிராணியின் மேல்தோல் சூட்டில். சுமார் ஒன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து, வாசனையோ தோற்றமோ துப்புக் கொடுக்காதபடி வைத்து, எது சூடானது என்று கண்டுபிடிக்க மூன்று நாய்களைப் பழக்கினார்கள். மூன்றும் கண்டுபிடித்தன. சில்லென்ற தோல் எட்ட இருக்கும் உடலின் வெப்பத்தை உணரத் தோதானது என்பது அவர்கள் முடிவு. குட்டி உங்கள் மடிச் சூட்டைத் தேடி மூக்கை நீட்டும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: மோப்பம் பிடிக்கும்போது காதைக் கொடுங்கள்

தரையில் ஏதோ கிடைத்துவிட்டது என்றால் நாயின் மூச்சு மாறும். பக்கத்தில் குனிந்து கேட்டால் 'ஃபுஃபுஃபுஃபு' என்று வேகவேகமாக ஒரு சத்தம் வரும். வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை காற்றை இழுத்து விடுகிறது. நாம் ஒரு பூவை முகர்ந்தால் மூச்சை இழுத்து, நிறுத்தி, விடுவோம். விடும்போது வாசனையும் வெளியே போய்விடும். நாயிடம் அந்த நஷ்டம் குறைவு.

இப்போது அந்தக் காற்புள்ளிக் கீறலுக்கு வருவோம். இழுக்கும் காற்று முன் ஓட்டை வழியாகப் போகிறது, விடும் காற்று பக்கக் கீறல் வழியாகப் பின்னோக்கிப் பாய்கிறது. அதனால் முன்னால் இருக்கும் வாசனையை மூச்சுக்காற்று ஊதித் தள்ளிவிடுவதில்லை, புது வாசனையை மூக்குப் பக்கம் இழுக்கவும் செய்கிறது. நேரில் பார்க்க வேண்டுமா? மெல்லிய தூசி படிந்த தரையில் நாய் மோந்துகொண்டிருக்கும்போது கவனியுங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் தூசி சின்னதாக எழும்பிப் பின்னால் போகும்.

உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு நேராக நுரையீரலுக்கு. சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் தனிப்பாதையில் மூக்கின் பின்கோடியில் இருக்கும் ஒரு பொந்துக்குப் போகிறது. அங்கே காகிதச் சுருள்போல மடிந்து மடிந்து கிடக்கும் மெல்லிய எலும்புகள், அவற்றின் மேல் சளிப்படலம், அதற்குள் மோப்ப செல்கள். மூச்சை வெளியே விடும்போது அந்தக் காற்று பெரும்பாலும் இந்தப் பொந்தைத் தொடுவதில்லை. அதனால் அடுத்தடுத்த மூச்சில் வாசனை அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2010-இல் நாயின் மூக்கைக் கணினியில் மாதிரியாகக் கட்டி இந்தக் காற்றோட்டத்தைக் காட்டினார்கள். வெடிபொருள் கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைப்பவர்கள் இன்று நாயின் மூக்கைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

மோப்ப செல்களின் எண்ணிக்கை? மனிதருக்கு 50 முதல் 60 லட்சம் என்றும், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடி முதல் 30 கோடி வரை என்றும் பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். பிளட்ஹவுண்ட் அந்தப் பட்டியலின் உச்சியில். வாசனைத் துகள் முதலில் ஈரத்தில் கரைந்தால்தான் செல்லுக்குப் போய்ச் சேரும். உள்ளே இருக்கும் சளி அந்த வேலையைச் செய்கிறது. ஈரம் குறைந்தால் மோப்பமும் குறையும். தாகத்தோடு இரைத்துக்கொண்டிருக்கும் நாய் பக்கத்தில் விழுந்த தின்பண்டத்தைக்கூட விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு துவாரமும் தனித்தனிக் காற்றை எடுக்கின்றன. அதனால் வாசனை இடப்பக்கமா வலப்பக்கமா என்று நாய்க்கு உடனே தெரிகிறது. நடந்து போனவர் எந்தத் திசையில் போனார் என்று காலடித் தடத்தை மோந்து சொல்ல, பழகிய நாய்க்கு ஐந்து காலடி போதும் என்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2005-இல் சோதித்துக் காட்டினார்கள். முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் இடைவெளி ஓரிரு வினாடிதான். அந்த வினாடிகளில் வாசனை எவ்வளவு மங்கும்? அந்த வித்தியாசத்தைப் பிடிக்கிறது நாய்.

மேல்வாய்ப் பற்களுக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, ஜேக்கப்சன் உறுப்பு என்று இன்னொன்றும் உண்டு. மற்ற நாய்களின் சிறுநீரில் இருக்கும் செய்திகளைப் பிடிக்க. உங்கள் நாய் ஓர் இடத்தை நக்கிவிட்டுப் பல்லைத் தட்டுவதுபோல் தாடையை அசைத்தால் பயப்பட வேண்டாம், அது வந்துபோன நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறது.

நான்காம் படி: எது சாதாரணம், எது இல்லை

ஈர மூக்கு என்றால் ஆரோக்கியம், காய்ந்த மூக்கு என்றால் நோய் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். நல்ல காய்ச்சலிலும் மூக்கு ஈரமாக இருக்கலாம். தூங்கி எழுந்தால், வெயிலில் படுத்திருந்தால், ஓடிக் களைத்தால், வயதானால் மூக்கு காயும். காய்ச்சலா என்று தெரிய ஒரே வழி வெப்பமானி. அதுவும் ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி. 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை நாய்க்கு இயல்பு. நமக்கு அது காய்ச்சல் கணக்கு என்பதால் பலர் பதறிவிடுகிறார்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நம் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சளி வருவது. மூக்கில் ரத்தம் வருவது. உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலும் இது நடக்கும், தாமதிக்கக் கூடாது. நுனித் தோல் வெடித்து, பொருக்குத் தட்டி, புண்ணாவது. நாள்கணக்கில் நிறம் வெளுத்துக்கொண்டே போவது. திடீரென்று விடாத தும்மலோடு ஒரு பக்கத் துவாரத்தில் மட்டும் நீர் வந்தால் புல் விதையோ வேறு ஏதோ உள்ளே போயிருக்கலாம், நீங்களே இடுக்கியைப் போட்டு எடுக்க முயல வேண்டாம். குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, கூடவே சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்று இருந்தால் அன்றே கூட்டிப் போங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் அப்படித்தான் தொடங்கும். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

புதியவர்களை மிகவும் பயமுறுத்துவது ஒன்று உண்டு. நாய் திடீரென்று கழுத்தை நீட்டி, கர்கர் என்று மூக்கால் காற்றை உள்ளே இழுக்கும். மூச்சுத் திணறுவதுபோலவே இருக்கும். தலைகீழ்த் தும்மல் என்பார்கள். பெரும்பாலும் சில வினாடிகளில் தானே நின்றுவிடும். தொண்டையை மெல்லத் தடவிக்கொடுங்கள், பதறிச் சத்தம் போடாதீர்கள். அடிக்கடி வந்தால் அலைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூக்கு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும் நாய்களுக்கு வெயில் சுடும். நாம் பூசும் வெயில் கிரீமைத் தடவ வேண்டாம். உடனே நக்கிவிடும், அதில் இருக்கக்கூடிய துத்தநாகம் நாய்க்கு நஞ்சு. கடும் வெயிலில் நிழலில் வைப்பதே நல்லது.

ஐந்தாம் படி: வீட்டின் வாசனையைச் சரிசெய்யுங்கள்

நமக்கு இதமான வாசனை நாய்க்குக் காதருகில் ஒலிபெருக்கி வைத்ததுபோல. அறைக்கு வாசனைத் தெளிப்பான் அடித்தால் நாய் எழுந்து வேறு அறைக்குப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அதன் பேச்சைக் கேளுங்கள். படுக்கையைத் துவைக்கும்போது எல்லா விரிப்பையும் ஒரே நாளில் துவைக்காமல், அதன் வாசனை உள்ள ஒன்றை விட்டுவையுங்கள். குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழித்த இடத்தை நொதி (என்சைம்) கலந்த சுத்தப்படுத்தும் திரவத்தால் துடைக்க வேண்டும். அம்மோனியா உள்ளது கூடாது, சிறுநீர் வாசனையோடு அது ஒத்துப்போய், அதே இடத்துக்குக் குட்டியை மறுபடி அழைக்கும்.

ஆறாம் படி: மோந்து பார்க்கும் நடை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நடையையாவது நாய்க்கு என்று ஒதுக்குங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, கொஞ்சம் நீளமான கயிறு, வண்டிகள் இல்லாத இடம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாய் முடிவு செய்யட்டும். ஒரு கம்பத்தடியில் மூன்று நிமிடம் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அரை மணியில் ஒரு தெருவைக்கூடத் தாண்டாமல் திரும்பி வரலாம். வந்ததும் நாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்குவதைப் பாருங்கள். வேகநடை நடந்த நாளைவிட நிம்மதியான தூக்கமாக இருக்கும்.

நாய்களின் நடத்தையை ஆராயும் ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே சொல்ல வேண்டியது. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு, மறுபக்கம் வைத்ததில் எப்போதும் இல்லை என்று நாய்களைப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணம். அதில் உணவு இருக்குமா இருக்காதா? நம்பிக்கையுள்ள நாய் ஓடிப் போகும், இல்லாதது தயங்கும். அப்புறம் இரண்டு வாரம் ஒரு பிரிவு நாய்கள் மோப்ப விளையாட்டு விளையாடின, இன்னொரு பிரிவு காலோடு ஒட்டி நடக்கப் பழகின. மறுபடி சோதித்தபோது மோப்பம் பிடித்த நாய்கள் நடுக்கிண்ணத்துக்கு முன்பைவிட வேகமாகப் போயின. மற்ற பிரிவில் அந்த மாற்றம் இல்லை.

ஏழாம் படி: தேடும் விளையாட்டு

ஐந்து நிமிடம் போதும். வாசனையான தின்பண்டத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். திராட்சை, வெங்காயம், சாக்லேட் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

முதல் நாள் இரண்டு கைகளையும் மூடி நீட்டுங்கள், ஒன்றில் துண்டு. மூக்கால் சரியான கையைத் தொட்டதும் திறந்து கொடுங்கள். காலால் பிறாண்டினால் பொறுத்திருங்கள், மூக்கு வரும். இது பழகியதும் மூன்று அட்டைப்பெட்டிகள், ஒன்றில் மட்டும் துண்டு. நாய் பார்க்காதபோது வைத்துவிட்டு "தேடு" என்று சொல்லுங்கள். தவறான பெட்டியில் நின்றாலும் "இல்லை" என்று சொல்லாதீர்கள், கையையும் காட்டாதீர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். நாய் தேடலை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடும். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

பெட்டி எளிதானதும் அறைக்குப் போகலாம். நாற்காலிக் கால், விரிப்பின் ஓரம், கதவுக்குப் பின்னால் என்று முதலில் தரை மட்டத்தில், பிறகு கொஞ்சம் உயரத்தில். மின்விசிறியை முதலில் நிறுத்திவிட்டு விளையாடுங்கள், பிறகு ஒருநாள் ஓடவிட்டுப் பாருங்கள். துண்டு இருக்கும் இடத்தை விட்டு எங்கோ தொடங்கி, காற்றில் தலையைத் தூக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் போய், வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, தலையைச் சட்டென்று திருப்பும். அந்தத் திரும்பலைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். வாசனை அதற்கு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது உங்களுக்கும் தெரிந்ததுபோல ஆகிவிடும்.

மூச்சிரைக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து ஓய்வு. வாயால் மூச்சு வாங்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது, தோற்றுக்கொண்டே இருந்தால் ஆசையும் விட்டுப்போகும்.

கடைசியாக, ஆட்களை மறைத்து விளையாடலாம். வீட்டில் ஒருவர் ஒளிந்துகொள்ள, அவர் போட்டுக் கழற்றிய துணியை நாய்க்கு மோக்கக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஒருவருடைய வாசனை என்பது நாய்க்கு எவ்வளவு தெளிவான முகவரி என்றால், செக் நாட்டில் 2011-இல் நடந்த சோதனையில், ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடும் ஒத்த இரட்டையரைக்கூடப் பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டுகள் வாசனையை வைத்தே பிரித்துச் சொல்லிவிட்டன.

வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு

நாய்க்குட்டி பிறக்கும்போது கண் மூடியிருக்கும், காது கேட்காது. மூக்கை வைத்துத்தான் தாயிடம் போய்ச் சேரும். வயதானாலும் பெரும்பாலும் பார்வையும் செவியும் மங்கிய பிறகும் மூக்கு நின்று வேலை செய்யும். எனவே விளையாட்டை நிறுத்தாதீர்கள், எளிதாக்குங்கள். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனை எழும், பசி வரும். தட்டையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள்.

மணிக்கு இப்போது பதின்மூன்று வயது. கண்ணில் வெண்படலம், கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தால், அடுத்த அறையில் படுத்திருப்பது சிறிது நேரத்தில் எழும். நடுக்கூடத்தில் நின்று தலையைத் தூக்கும். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. அப்புறம் நேராக நடந்து வந்து, தொங்கும் என் கையின் புறத்தில் அந்த ஈர மூக்கைச் சில்லென்று வைக்கும்.